அன்னபூரணியின் தண்டயல் – 4: கண்ணீர் வாசல்

சென்ற வாரம் குளோஸ்டர் துறைமுகத்தில் கதையை நிறுத்தியிருந்தோம்.

1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள மீன்பிடி ஊர் குளோஸ்டர். 1623இல் குடியேறிய நாளிலிருந்து கடலை நம்பியே பிழைத்த ஊர். எத்தனையோ வகைப் பாய்க்கப்பல்களைப் பார்த்துப் பழகிய அந்த ஊர்க் கிழவர்களே அன்று கரைக்கு வந்து கண்ணுக்குக் கை வைத்துப் பார்த்தார்கள். 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். முன்மரத்தில் பழங்காலத்துக் குறுக்குப் பாய்கள். பெயர் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்'. பெயர் அவர்களுடையது. மேல்தளத்தில் நின்று பாய் இறக்கிய ஐந்து பேரின் பேச்சோ வல்வெட்டித்துறைத் தமிழ்.

அந்தத் துறைமுகத்தின் கரையோரத்தில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. 1925இல் நிறுவியது. மழை அங்கி அணிந்த ஒரு மீனவர், கால்களை அகட்டி ஊன்றி, இரு கைகளாலும் சுக்கான் சக்கரத்தைப் பிடித்தபடி கடலை நோக்கி நிற்கிறார். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக அந்த ஊர் எழுப்பிய நினைவுச் சின்னம் அது. பின்னாளில், மாண்டவர்களின் பெயர்களை ஆயிரக்கணக்கில் தேடித் தொகுத்து அதே இடத்தில் பலகைகளில் பொறித்தும் வைத்தார்கள்.

சிலைக்கு எதிரே உள்ள நீரில், உயிருள்ள ஒரு சுக்கான்காரர் வந்து சேர்ந்திருந்தார். பெயர் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கடற்கரை வழக்கில் சொன்னால், தண்டயல்.

அவரோடு வந்த நால்வர் சபாரத்தினம், சிதம்பரப்பிள்ளை, சுப்பிரமணியம், இரத்தினசாமி. நால்வரும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். மறுநாள் பொஸ்டன் குளோப் நாளிதழ் இவர்களைப் பற்றிச் செய்தி வெளியிட்டது.

இந்த ஐவரும் அங்கே எப்படி வந்தார்கள் என்று அறிய, ஒன்றரை ஆண்டு பின்னோக்கி வடமராட்சிக் கரைக்குப் போவோம்.

காற்றைப் படிக்கும் பள்ளிக்கூடம்

தம்பிப்பிள்ளை பிறந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலம். அப்போது வல்வெட்டித்துறையில் பிறந்த ஆண்பிள்ளைக்குக் கடல் ஒரு முற்றம். காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே இருக்கும் சிறிய ஊர். வடமேற்கே, அறுபது கிலோமீற்றர் அளவில், தமிழ்நாட்டுக் கோடிக்கரை. கிழக்கே வங்கக் கடலைத் தாண்டினால் பர்மா. ஊர்க் கப்பல்கள் நாகப்பட்டினம், தூத்துக்குடி, கொச்சி, அக்கியாப், இரங்கூன் என்று போய்வந்தன. போகும்போது யாழ்ப்பாணத்துப் புகையிலையும் பனைமரச் சலாகையும் ஏறும். வரும்போது அரிசியும் ஓடும் தேக்குமரமும் இறங்கும். ஊரின் வைத்தீஸ்வரன் கோயிலை 19ஆம் நூற்றாண்டில் எழுப்பியவரே ஒரு கப்பல் முதலாளிதான். திருமேனியார் வேங்கடாசலம்பிள்ளை என்ற அவரை ஊர் 'பெரியவர்' என்று அழைத்தது. கடலில் தேடிய பணம் கோயிலாகவும் கல்வீடாகவும் கரையேறியது.

அந்தக் கப்பல்களில் பையனாக ஏறி, அடுப்பூதி, பாத்திரம் கழுவி, கயிறு இழுத்துக் கை காய்த்துப்போன பிறகுதான் சுக்கானைத் தொட விடுவார்கள். பாடப்புத்தகம் கிடையாது. நான்கு காற்றுகள்தான் நான்கு வாத்தியார்கள். வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். எந்த மாதம் எது எழும்பும், எந்த மேகம் அதற்கு முன்னோடி, எந்த அலை அதன் பின்னோடி என்பதெல்லாம் உடம்பில் ஏறவேண்டும். இரவில் வெள்ளி பார்த்துத் திசை பிடிக்கவேண்டும்.

ஆழம் பார்ப்பதை மட்டும் சற்று அருகில் நின்று பார்ப்போம். ஒரு நீண்ட கயிற்றின் நுனியில் ஈயக் குண்டு கட்டியிருக்கும். குண்டின் அடியில் சிறு குழி. அதில் கொழுப்பை அப்பிக் கடலுக்குள் எறிவார்கள். குண்டு தரை தொட்டதும் கயிற்றில் எத்தனை பாகம் நனைந்தது என்று கைவிரித்து அளப்பார்கள். ஆழம் தெரிந்துவிடும். அதோடு முடியாது. குண்டைத் திருப்பிப் பார்த்தால் கொழுப்பில் கடலடித் தரையின் துணுக்கு ஒட்டியிருக்கும். வெண்மணலா, கருஞ்சேறா, நொறுங்கிய சிப்பியா? எதுவும் ஒட்டாமல் கொழுப்பு நசுங்கி மட்டும் இருந்தால் கீழே பாறை. தேர்ந்த தண்டயல் அந்த மண்ணை விரலால் தேய்த்து, கரை கண்ணில் படாத நடு இரவிலும் கப்பல் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார்.

தண்டயல் என்பது கப்பலின் தலைவரை மட்டும் குறிக்கும் சொல் அல்ல. முதலாளியின் பணம், வியாபாரியின் சரக்கு, மாலுமிகளின் உயிர், கரையில் விளக்கேற்றிக் காத்திருக்கும் பெண்களின் தாலி எல்லாவற்றையும் ஒரு கையில் வாங்கிக்கொண்டு மறு கையில் சுக்கானைப் பிடிப்பவர் அவர்.

அப்படி ஒருவரிடம்தான் அன்னபூரணி வந்து சேர்ந்தாள்.

வேம்பில் பிறந்தவள்

கப்பலின் முழுப்பெயர் அன்னபூரணி அம்மாள். 1930 அளவில் வல்வெட்டித்துறைக் கரையிலேயே கட்டியது. கட்டியவர் சுந்தர மேத்திரியார். மரம், நம் வளவுகளில் நிற்கும் அதே வேம்பு.

வேம்பில் கப்பலா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். மரக்கப்பலுக்குப் புயலைவிடப் பெரிய எதிரி ஒரு புழு. வெப்பக் கடலில் வாழும் கப்பற்புழு, பலகைக்குள் ஊசித்துளையாக நுழைந்து உள்ளே சல்லடையாக்கிவிடும். வெளியே பார்த்தால் பலகை பலகையாகவே இருக்கும். ஒருநாள் நடுக்கடலில் அது அப்பளமாக உடையும். பூச்சி அண்டாத கசப்பு மரத்தைத் தெரிந்தெடுத்ததில் மேத்திரிமாரின் பல தலைமுறை அறிவு இருக்கிறது.

முதலில் கடற்கரை மணலில் ஏரா எனும் அடிமரம் படுக்கும். அதிலிருந்து இருபுறமும் விலா எலும்புகளைப் போல வங்குகள் எழும்பும். வளைந்த வங்குக்கு வளைந்தே வளர்ந்த கிளையைத் தேடிப் பிடிப்பார்கள். வங்குகளின்மேல் பலகை அறைந்த பின் வருவது கலப்பத்து வேலை. பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள நீக்கலில் பஞ்சைத் திரித்து வைத்து, உளியால் தட்டித் தட்டி உள்ளே இறக்குவார்கள். அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். கடலில் இறங்கிய பின் பலகை நீர் குடித்து ஊறும், பஞ்சு உப்பும், இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். நீரே நீருக்குக் கதவடைக்கும் வித்தை இது.

எட்டு ஆண்டுகளுக்குப் பின் அத்திலாந்திக் கடல் இந்தப் பலகைகளை அறைந்து பார்த்தது. பலகைகள் தாங்கின. அன்னபூரணியின் கதையைச் சொல்லும்போது சுந்தர மேத்திரியாரின் கைகளையும் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

ஊர்க் கரையில் பிறந்து ஊர்க் கடலில் சரக்கேற்றித் திரிந்த அந்தக் கப்பலின்மேல் 1936, 37 அளவில் ஒரு அந்நியரின் கண் விழுந்தது.

32 அடிப் படகில் உலகம் சுற்றியவர்

வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன். வயது முப்பத்தைந்தைத் தொடவில்லை. அதற்குள் கடலோடிகளின் உலகில் பெரிய பெயர். 1928இல் 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டு, பனாமாக் கால்வாய் வழியே பசிபிக்கில் இறங்கி, செங்கடல் வழியே மேலேறி, 1931இல் உலகைச் சுற்றி முடித்து வீடு திரும்பியவர். அவ்வளவு சிறிய படகில் உலகைச் சுற்றியவர் அதுவரை இல்லை.

1934இல் மனைவியோடு கலாபகஸ் தீவுகளுக்குப் போனபோது அவருக்குக் குடல்வால் வெடித்தது. ஆள் நடமாட்டம் அருகிய தீவு. அமெரிக்கக் கடற்படை விரைந்து வந்து உயிரைக் காப்பாற்றியது. உயிர் மிஞ்சியது, ஸ்வாப் மிஞ்சவில்லை. அங்கேயே விட்டுவந்த படகு அத்தீவுகளை ஆளும் நாட்டின் அதிகாரிகளின் கைக்குப் போய்விட்டது.

படகை இழந்த கடலோடியின் மனம் எப்படித் தவித்திருக்கும் என்று கடலோர மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குளோஸ்டருக்கு அருகே இப்ஸ்விச் என்ற ஊரில் அவர் ஒரு கப்பற்பட்டறை வைத்தார். இயந்திரக் கப்பல்கள் கடலைப் பிடித்துக்கொண்ட காலத்தில், பழங்காலப் பாய்க்கப்பல்களை அதே முறையில் மீண்டும் கட்டுவது அங்கே நடந்தது. 'ஸ்விஃப்ட் ஒஃப் இப்ஸ்விச்' என்ற பாய்க்கப்பல் 1938இல் அங்குதான் உருவானது. பின்னர் ஹொலிவூட் நடிகர் ஜேம்ஸ் காக்னி அதை வாங்கினார்.

பழைய முறையைத் தேடி அலைந்த அந்தக் கண்ணுக்கு, பழைய முறையை விடாமல் வைத்திருந்த ஒரு கரை தென்பட்டது. அமெரிக்காவில் நூலைப் பார்த்துக் கட்டவேண்டியிருந்ததை வல்வெட்டித்துறையில் கைகளே நினைவில் வைத்திருந்தன. ரொபின்சன் அன்னபூரணியை விலைக்கு வாங்கினார். கப்பலுக்குத் தம் மனைவி புளோரன்சின் பெயரைச் சூட்டினார்.

அந்தப் பெண்மணியின் தந்தை கிரேன், குழாய்களும் குளியலறைச் சாமான்களும் செய்து பெருஞ்செல்வரானவர். இப்ஸ்விச்சில் கடலைப் பார்த்தபடி நிற்கும் மாளிகை அன்று அந்தக் குடும்பத்தினுடையது. சோறளிக்கும் தாயின் பெயரோடு பிறந்த கப்பல், செல்வர் வீட்டு மகளின் பெயரோடு அந்த மாளிகை இருக்கும் கரைக்குப் போகவேண்டும்.

ரொபின்சன்மேல் குறை சொல்ல ஏதுமில்லை. அன்பினால் வைத்த பெயர் அது. பின்னர் அவர் எழுதிய நூலில் அன்னபூரணிக்கும் இடம் கொடுத்தார். ஆயினும் ஒரு விடயத்தை இங்கே மனந்திறந்து சொல்லவேண்டும். ஒரு கப்பலுக்கு வைத்த பெயர் ஏட்டில் இருக்கும். வாங்கியவர் பெயர் பத்திரத்தில் இருக்கும். எழுதியவர் பெயர் நூலட்டையில் இருக்கும். ஓட்டியவர் பெயர் எங்கே இருக்கும்? நீரில் கப்பல் கீறிய கோடு கப்பல் கடந்ததும் மூடிக்கொள்கிறது. தண்டயலின் பெயரைக் காப்பாற்ற ஊரின் வாயைத் தவிர வேறு பெட்டகம் இல்லை. இந்தத் தொடரை எழுதத் துணிந்ததற்கு அந்த ஒரு காரணம் போதும்.

வாடை முதுகில் இருக்கும்வரை

1937 பெப்ரவரியில் அன்னபூரணி வல்வெட்டித்துறைக் கரையை விட்டாள்.

அந்த மாதத்தை ஊன்றிப் பார்க்கவேண்டும். மார்கழி முதல் பங்குனி வரை அரபிக்கடலில் வடகிழக்குக் காற்று, நம் வாடை, சீராக வீசும். மேற்கே போகிற பாய்க்கப்பலுக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும் காற்று. கடலும் அவ்வளவாகக் கொந்தளிக்காது. சித்திரையில் அது தளரும். வைகாசி முடிவதற்குள் தென்மேற்குப் பருவக்காற்று எழும்பி எதிர்முகமாக அறையத் தொடங்கும். அந்தக் கடலில் போகும் வழியும் வரும் வழியும் மாதங்களால் பூட்டியும் திறந்தும் கிடக்கின்றன. ஆங்கிலேயர் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரபு மாலுமிகளும் தமிழ் மாலுமிகளும் இந்தச் சாவியைக் கையில் வைத்திருந்தார்கள்.

கொழும்பிலிருந்து ஏடன் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 2100 கடல் மைல். வல்வெட்டித்துறை மாலுமிகளுக்கு நெடும்பயணம் புதிதில்லை. ஆனால் அவர்களின் கப்பல்கள் கிழக்கே போய்ப் பழகியவை. இரங்கூன் வழியின் அலையும் கரையும் அவர்களுக்கு மனப்பாடம். மேற்கே போகப் போக மனப்பாடம் குறைகிறது. ஈயக் குண்டில் ஒட்டும் மண் ஊர்பேர் சொல்லாத மண். அங்கே தண்டயலுக்குத் துணை வானம் ஒன்றுதான். வெள்ளிகள் மட்டும் இரங்கூனுக்குப் போகும் வழியில் நின்ற அதே வெள்ளிகள்.

ஆள்பலத்தையும் எண்ணிப் பாருங்கள். குறுக்குப் பாய் கட்டிய கப்பலில் காற்றுத் திரும்பினால் வேலை இரண்டு பங்காகும். மேலே ஏறிப் பருமல் மரத்தில் வயிற்றை அழுத்திக் கிடந்து பாயைச் சுருட்டவேண்டும். கீழே நின்று கயிறு இழுக்கவேண்டும். சுக்கானில் ஒருவர் விடாமல் நிற்கவேண்டும். அடுப்பை ஒருவர் பார்க்கவேண்டும். நான்கு இளைஞர்களும் ஒரு தண்டயலும் இத்தனைக்கும் முகம் கொடுத்தார்கள்.

கப்பல் ஏடனைத் தொட்டது. அரபிக்கடலைக் கடந்தாயிற்று. வாடை தன் கடமையைச் செய்துவிட்டு விடைபெற்றுக்கொண்டது.

இனித்தான் சோதனை.

கப்பல் போகக்கூடாத கடல்

ஏடனிலிருந்து மேற்கே சென்றால் செங்கடலின் வாய். அதற்கு அரபு மொழியில் பாப் எல் மண்டெப் என்று பெயர். பொருள்: கண்ணீர் வாசல். முப்பது கிலோமீற்றர் அளவே அகலமுள்ள நீரிணை. அதற்குள் பெரிம் என்ற தீவு தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாகக் கிடக்கிறது. அங்கே எத்தனை கப்பல்கள் உடைந்திருந்தால் ஒரு வாசலுக்கு இப்படி ஒரு பெயரை வைத்திருப்பார்கள்!

வாசலைத் தாண்டினால் 2000 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ஒடுங்கிய கடல். இடப்பக்கம் ஆபிரிக்கா, வலப்பக்கம் அரேபியா, இரண்டு கரையோரமும் பவளப்பாறை. பகலில் வெயில் உச்சியில் நின்றால் பாறை பச்சை நிறமாக நீருக்குள் தெரியும். மாலையில் வெயில் சாய்ந்து நீர் கண்ணாடியாக மின்னத் தொடங்கினால் தெரியாது. இரவில் தெரியவே தெரியாது.

அதைவிடப் பெரிய இடர் காற்று. செங்கடலின் தென்பாதியில் குளிர்காலத்தில் காற்று தெற்கிலிருந்து ஏறும். வடக்கே போகிறவரை அது ஏந்திக்கொண்டு போகும். பாதிவழியில் அந்தக் காற்று செத்துப்போகிறது. அதற்கு அப்பால் சூயஸ் வரைக்கும் ஆண்டு முழுவதும் வீசுவது வடமேற்குக் காற்று. போகவேண்டிய திசையிலிருந்தே வந்து கப்பலின் முகத்தில் அடிக்கும் காற்று.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபோது அதனால் பயன்பெற்றவை நீராவிக் கப்பல்கள். தேயிலை ஏற்றி ஓடிய பெரும் பாய்க்கப்பல்கள், பல நாள் கூடினாலும் பரவாயில்லை என்று ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே போய்வந்தன. கால்வாயைக் கண்டு அவை ஒதுங்கவில்லை, கால்வாய்க்குப் போகும் இந்தக் கடலுக்கு அஞ்சி ஒதுங்கின. பாய்க்கப்பலின் காலத்தை முடித்துவைத்த பாதை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் செங்கடலைத்தான் காட்டவேண்டும்.

அந்தப் பாதையில் ஒரு பாய்க்கப்பலைக் கொண்டுபோகவேண்டியிருந்தது தம்பிப்பிள்ளைக்கு.

எதிர்க்காற்றில் பாய்க்கப்பல் நேரே போக முடியாது. குறுக்கும் மறுக்குமாக ஓடித்தான் முன்னேறவேண்டும். அரேபியக் கரைப்பக்கமாகச் சாய்ந்து ஓடி, பாறை நெருங்குமுன் திருப்பி, ஆபிரிக்கக் கரைப்பக்கமாகச் சாய்ந்து ஓடி, பாறை நெருங்குமுன் மீண்டும் திருப்பி. குறுக்குப் பாய்க் கப்பல் காற்றுக்கு மிக நெருங்கிப் போகாது. ஆகவே பத்துக் கல் ஓடினால் வடக்கே ஏறுவது மூன்று நான்கு கல்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஐந்து பேரும் எழுந்து கயிற்றுக்கு ஓடவேண்டும். நள்ளிரவானாலும், உலையில் சோறு கொதித்தாலும், அப்போதுதான் கண் அயர்ந்திருந்தாலும். திருப்பம் ஒரு கணம் பிந்தினால் அடியில் பவளம்.

இது அவர் பாடமாகப் படித்த கடல் இல்லை. வல்வெட்டித்துறையின் எந்தக் கிழத் தண்டயலும் இந்தக் கடலைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வழியில்லை. கையில் இருந்தவை வேப்பமரக் கப்பல் ஒன்று, நான்கு பிள்ளைகள், நாற்பது ஆண்டுகளாக வாடையும் சோழகமும் முகத்தில் எழுதிவிட்டுப்போன கணக்கு.

கண்ணீர் வாசலில் திரும்பிவிட்டால் யாரும் பழி சொல்லமாட்டார்கள். கிழக்கே ஊர் இருக்கிறது, சோழகம் தொடங்கினால் அதே காற்று வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

கப்பலின் முகம் வடக்கே திரும்பியது. தென்காற்றில் பாய்கள் நிறைந்தன. பெரிம் தீவு பின்னால் சிறுத்தது. முன்னே, ஒடுங்கிக்கொண்டே போகும் அந்தக் கடலின் நடுவில் எங்கோ, ஏந்திவரும் காற்று ஒருநாள் திடீரென்று நின்றுவிடும் என்பதும், அதன்பின் எழும்புவது எதிர்க்காற்று என்பதும் தண்டயலுக்குத் தெரியும்.

எந்த நாள் என்பது மட்டும் காற்றுக்குத்தான் தெரியும்.

(அடுத்த வாரம்: பாய்க்கப்பல் பாய் விரிக்க முடியாத கால்வாய்)